மூடாமல் விட்ட குழி



ஆடி மாதத்துக் காற்று எழும்பும் நாட்களில் ஆண்டர்சன்பேட்டை எப்படியிருக்கும் என்பதை இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொடியில் உலர்த்திய வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிவிடும். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை மறுபடியும் கழுவிய பிறகே அடுப்பில் ஏற்றுவார்கள். பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் புருவத்திலும் மெல்லிய தூள் படிந்திருக்கும். "சைனைடு மேடு பறக்குது" என்று சொல்லிவிட்டு, நம் தாய்மார்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்.

பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்துவிட்ட உங்களுக்கு அந்த மேடு சிறுவயது நினைவாக மாறியிருக்கலாம். ஆனாலும் அது எப்படி உண்டாயிற்று என்பதை இன்று சற்றுச் சிந்தித்துப் பார்க்கும்படி உங்களை அழைக்கிறேன். நம் வீட்டுக் குப்பைக்கூடையைப் பற்றி அது நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

எறிந்தது எங்கே போயிற்று?

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேயக் கம்பெனி கோலார் தங்கவயலில் வேலையை ஆரம்பித்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இடைப்பட்ட ஏறக்குறைய 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேலான தங்கம் இந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிற்று. நம்முடைய தாத்தாக்களும் தகப்பன்மார்களும் அதற்குள் இறங்கினார்கள்.

ஒரு டன் பாறையை உடைத்து மாவாக அரைத்தால் கிடைப்பது சில கிராம் தங்கம் மாத்திரமே. அந்த மாவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்தார்கள். எஞ்சிய மாவை வெளியே கொட்டினார்கள். அப்படிக் கொட்டிய கழிவே 13 மேடுகளாக, 1,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் அளவுக்குக் குவிந்தது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும் என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். ஆனால் நுண்ணிய பாறைத்தூள் சிதைவதில்லை. காற்று வீசுந்தோறும் அது எழும்புகிறது. மழை பெய்யுந்தோறும் அது ஓடைகளில் இறங்குகிறது.

கம்பெனிக்காரர் போய்விட்டார்கள். தங்கமும் போய்விட்டது. வேண்டாம் என்று எறிந்தது மாத்திரம் நம்மோடு தங்கிவிட்டது. எறிவதனால் ஒரு பொருள் இல்லாமற்போவதில்லை, அது இடம் மாறுகிறது, அவ்வளவே.

நாமும் ஒரு சிறு மேடு கட்டுகிறோம்

கம்பெனியைக் குறைசொல்லுவது நமக்கு எளிது. இன்று காலை நீங்கள் தெருமுனையில் வைத்துவிட்டு வந்த குப்பைப் பையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காய்கறித் தோலுக்கும் சோற்றுப் பருக்கைக்கும் நடுவே வேறென்ன இருந்தது? தீர்ந்துபோன பென்சில் பாட்டரி, காலாவதியான மாத்திரை அட்டை, அப்பாவுக்கு இன்சுலின் போட்ட ஊசி, உடைந்த கண்ணாடி டம்ளர், பாதி மிஞ்சிய எலி மருந்து, எரியாமற்போன டியூப்லைட், சவரப் பிளேடு. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, இறுகக் கட்டி, வாசலுக்கு வெளியே வைத்தவுடன் வீடு சுத்தமாயிற்று என்று நிம்மதியடைகிறோம்.

ஆனால் அந்த முடிச்சை அவிழ்க்கிற கை ஒன்று உண்டு. அதை நாம் பார்ப்பதில்லை.

அது யாருடைய கை?

தங்கவயலில் பிறந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சுரங்கக் குடியிருப்புகளிலிருந்த உலர் கழிப்பிடங்களை மனிதர் தங்கள் கைகளால் சுத்தம்செய்த காலம் வெகுதூரத்தில் இல்லை. அந்த வேலையைச் செய்த ஒரு குடும்பத்தில் 1966ஆம் ஆண்டு இதே ஊரில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். 1993ஆம் ஆண்டிலேயே சட்டம் தடைசெய்துவிட்ட அந்தக் கொடுமையை ஒழிப்பதற்காக அவர் நாடெங்கும் போராடி, 2016ஆம் ஆண்டு ரமோன் மகசேசே விருது பெற்றார். அவருடைய போராட்டம் தங்கவயலில்தான் தொடங்கிற்று. நம்முடைய அழுக்கைச் சுமந்தவர்கள் யார் என்று நம்மில் அநேகர் அந்நாட்களில் விசாரித்ததில்லை.

இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன்னே புறப்படும் ரயிலில் ஏறிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான நம் ஜனங்கள் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் பயணம்செய்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, அலுவலகங்களில் துப்புரவு வேலை எனப் பல வேலைகள். அந்தப் பட்டணத்தின் தெருக்களைக் கூட்டுகிற பௌரகார்மிகர்களிலும், குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் பொறுக்கிப் பிழைக்கிறவர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. பையின் முடிச்சை அவிழ்க்கிற கை நமக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்து ஜெபிக்கிற சகோதரியின் கையாக இருக்கக்கூடும்.

யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் நாம் அடிக்கடி கடந்துபோகிற ஒரு கட்டளை இருக்கிறது. ஒருவன் குழி வெட்டி அதை மூடாமல் விட்டு, அதிலே மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்குடையவன் ஈடுசெய்தாக வேண்டும். கெட்ட எண்ணத்தோடு வெட்டினானா என்று நியாயப்பிரமாணம் அவனைக் கேட்கவில்லை. மூடினானா என்பதே கேள்வி. நாம் கட்டிவைத்த பையிலிருக்கும் ஊசி மூடாமல் விட்ட குழியல்லவா?

கொடைக்கானலில் நடந்தது

"ஒரு சின்னப் பொருளால் என்ன நேர்ந்துவிடும்?" என்று கேட்பவர்கள் கொடைக்கானலை நினைவுகூர வேண்டும். 1983ஆம் ஆண்டு அந்த மலையூரில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. காய்ச்சல் பார்க்கிற அதே சிறிய கண்ணாடிக் குழாய்தான் அங்கே உற்பத்தியானது. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜனநெருக்கமுள்ள மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த ஒரு பழைய பொருள் கிடங்கில் 7.4 டன் உடைந்த கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டது. அதிலே பாதரசம் ஒட்டியிருந்தது. உள்ளூர் ஜனங்களும் தொழிலாளர்களும் எழும்பினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டு ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அங்கே வேலைசெய்த 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக உடன்படிக்கை உண்டானதோ 2016ஆம் ஆண்டில்தான்.

தங்கவயல் மூடப்பட்ட அதே மாதங்களில் கொடைக்கானலிலும் இது நடந்தது. பெரிய கம்பெனியின் கழிவும் கடைசியில் பழைய இரும்புக்கடையில் ஒரு ஏழையின் காலடியில் வந்து விழுந்ததைக் கவனியுங்கள். நம் வீட்டுக் கழிவும் அதே பாதையில்தான் போகிறது.

வீட்டிலே செய்ய வேண்டியவை

ஆகவே அருமையானவர்களே, கீழ்க்கண்டவற்றை இல்லத்தரசிகள் மாத்திரமல்ல, குடும்பத் தலைவர்களும் வாலிபப் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

1. ஊசியும் பிளேடும். சர்க்கரை வியாதிக்காக இன்சுலின் போடுகிறவர்கள் நம் சபைகளில் பெருகிவிட்டார்கள். பயன்படுத்திய ஊசியை அப்படியே கூடையில் போடாதிருங்கள். திருகுமூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அதற்கென ஒதுக்குங்கள். ஊசி போட்டவுடனே அதற்குள் போட்டு மூடுங்கள். டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, நீங்கள் வைத்தியம் பார்க்கிற மருத்துவமனையில் ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். ஊசி குத்தினால் மஞ்சள் காமாலையின் பி, சி வகைக் கிருமிகளும் எச்.ஐ.வி. கிருமியும் பரவக்கூடும். பிளேடையும் உடைந்த கண்ணாடியையும் பல மடிப்புக் காகிதத்தில் சுற்றி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி சிவப்பு மையால் பெரிய குறியிடுங்கள்.

2. பாதரச தெர்மாமீட்டர். இப்போது டிஜிட்டல் கருவிகள் வந்துவிட்டாலும் பழைய கண்ணாடிக் குழாய் அநேக வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அது உடைந்தால் முதலாவது பிள்ளைகளை அறையைவிட்டு வெளியேற்றுங்கள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். தங்கத்தைக் கண்டால் பாதரசம் அதைப் பற்றிக்கொள்ளும். இந்தக் குணத்தைக்கொண்டுதான் பழைய நாட்களில் ஆலைகளில் பொன்னைப் பிடித்தார்கள் என்பதைச் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பெருக்கினால் துளிகள் இன்னும் சிறியதாகச் சிதறி அறையெங்கும் பரவும். கெட்டியான இரண்டு அட்டைகளால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாதரசத்தின் ஆவி கண்ணுக்குத் தெரியாது, அதற்கு வாசனையும் கிடையாது. அது நரம்பையும் மூளையையும் தாக்கும்.

3. டியூப்லைட்டும் சி.எஃப்.எல். பல்பும். இவற்றுக்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. எரியாத டியூப்லைட்டைச் சுவரோரத்தில் உடைத்துப்போடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காதிருப்போமாக. புதிய விளக்கு வந்த அட்டை உறையிலேயே பழையதை வைத்து, உடையாமல் பத்திரப்படுத்துங்கள். இனி வாங்கும்போது எல்.இ.டி. விளக்கை வாங்குங்கள், அதிலே பாதரசம் இல்லை.

4. பாட்டரிகள். கடிகாரத்திலும் பொம்மையிலும் இருக்கிற பொத்தான் போன்ற பாட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். செல்போனின் லித்தியம் பாட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அதன் முனைகளின்மேல் டேப் ஒட்டி, தனி டப்பாவில் வையுங்கள். வாகனத்தின் பாட்டரியையும் யு.பி.எஸ். பாட்டரியையும் நூறு ரூபாய் அதிகம் கிடைக்கிறதே என்று தெருவில் வருகிற வியாபாரிக்குப் போடாதீர்கள். பழைய பாட்டரியை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டும் என்று 2001ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. பாட்டரிக் கழிவுக்கென்று 2022ஆம் ஆண்டில் புதிய விதிகளும் வந்தன. கொல்லைப்புறத்தில் பாட்டரியை உடைத்து ஈயத்தை உருக்கினால், அந்தப் புகை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

5. மருந்துகள். வருஷத்துக்கு இருமுறையாவது மருந்துப் பெட்டியைத் திறந்து காலாவதி தேதியைப் பாருங்கள். மிஞ்சிய மருந்தைக் கழிப்பறையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். கிருமிக்கொல்லி மாத்திரைகள் தண்ணீரில் கலந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக ஏதுவாகும். புற்றுநோயாளிக்குக் கொடுத்த மார்ஃபின் போன்ற கடுமையான வலி மருந்து மிஞ்சியிருந்தால், அதை வீட்டில் வைத்திராமல், கொடுத்த மருத்துவமனையிலேயே என்ன செய்வதென்று கேட்டு ஒப்படையுங்கள். மற்ற மருந்துகளைக் கொடுப்பதற்கு இடமே இல்லாதபோது, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய தேயிலைத்தூளோடு கலந்து, உறையில் கட்டி, அட்டையைக் கத்தரித்துப் போடுங்கள். எடுத்து விற்கவோ தின்னவோ யாருக்கும் இயலாதபடி செய்வதே இதன் நோக்கம். கேரளத்தின் கோழிக்கோட்டில் மிஞ்சிய மருந்துகளை வீடுகளிலிருந்து சேகரிக்கும் அரசுத் திட்டம் 2025ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நம் பகுதியிலும் அப்படிச் செய்யும்படி நாம் கேட்கலாம்.

6. விஷமும் அமிலமும். எலி மருந்துப் பசையிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலை அழிக்கும், அதற்கு முறிமருந்து கிடையாது. வீட்டில் அதை வாங்கி வைக்காதிருப்பதே ஞானம். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கொட்டாதீர்கள், இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும்பும். பூச்சிமருந்துப் பாட்டிலைக் கழுவி, எண்ணெய் ஊற்றவோ தண்ணீர் பிடிக்கவோ பயன்படுத்தாதீர்கள். கொசு மருந்து, வாசனைத் திரவியம் ஆகியவற்றின் ஸ்பிரே டப்பாக்களை நெருப்பில் போட்டால் வெடிக்கும்.

7. நாப்கினும் டயப்பரும். இதைப் பேச வெட்கப்படுகிறோம். பிரித்தெடுக்கிறவர்களோ வெட்கப்படவும் வழியில்லாமல் வெறுங்கையால் தொடுகிறார்கள். காகிதத்தில் சுற்றி, சிவப்புக் குறியிட்டு, தனியாகக் கொடுங்கள்.

எங்கே கொடுப்பது?

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும்படி ஒவ்வொரு வீட்டாருக்கும் கட்டளையிட்டன. 2026ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அதை நான்காக்கின: ஈரக் கழிவு, உலர் கழிவு, நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் வேண்டிய கழிவு. பல்பு, பெயிண்ட் டப்பா, தெர்மாமீட்டர், மருந்து முதலியவை நான்காவதைச் சேர்ந்தவை. அவற்றை அங்கீகாரம் பெற்றவர்கள் சேகரிக்க வேண்டும், அல்லது குறிக்கப்பட்ட மையத்தில் நாம் ஒப்படைக்க வேண்டும்.

பெங்களூரில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் முற்றிலும் புதிதல்ல. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் இரண்டு கூடை, ஒரு பை என்னும் முறையைக் கட்டாயமாக்கிற்று. ஈரக் கழிவுக்குப் பச்சைக் கூடை, நாப்கின் போன்றவற்றுக்குச் சிவப்புக் கூடை, உலர் கழிவுக்குப் பை. உங்கள் வார்டிலுள்ள உலர் கழிவு மையம் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். பல்பும் பாட்டரியும் எந்த நாளில் பெற்றுக்கொள்ளப்படும் என்றும் அங்கே கேளுங்கள். தங்கவயலில் இருப்பவர்கள் ராபர்ட்சன்பேட்டை நகரசபை அலுவலகத்தில் இதே கேள்வியைக் கேளுங்கள். கேட்கிறவர்கள் பத்துப் பேரானால் பதில் சொல்லியாக வேண்டும்.

அதுவரைக்கும் வீட்டில் என்ன செய்வது? பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், வெயில் படாத இடத்தில், மூடியுள்ள ஒரு வாளியை வையுங்கள். பாட்டரி, பல்பு, பாதரசப் பாட்டில் ஆகிய ஒவ்வொன்றையும் அதனதன் உறையில் அதற்குள் வையுங்கள். ஒரு சாதாரணக் குடும்பத்தில் அந்த வாளி நிறைய ஒரு வருஷமாகும். இது பெரிய பாரமல்ல.

சபைகளும் இதைச் சேர்ந்து செய்யலாம். வருஷத்தில் இரண்டு நாட்களை நியமித்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரை முன்னதாகவே பேசி வரவழைத்து, வாலிபர் வீடு வீடாகப் பல்பும் பாட்டரியும் வாங்கி அன்றைக்கே ஒப்படைக்கலாம். ஆராதனை மண்டபத்தில் சேர்த்துவைக்க வேண்டாம். ஊசிகளை வாலிபர் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

அது திரும்பி வரும்

கடைசியாக ஒரு காரியம். 2012ஆம் ஆண்டு மாவள்ளிபுராவிலிருந்த குப்பைக் கிடங்கு மூடப்பட்டபோது பெங்களூர்த் தெருக்களெல்லாம் நாறின. அந்தக் குப்பையைக் கைவிடப்பட்ட தங்கவயல் சுரங்கப் பகுதிக்குக் கொண்டுவந்து கொட்டலாம் என்னும் யோசனை அப்பொழுது எழுந்தது. நம் ஊரார் எதிர்த்தார்கள். எதிர்த்தது நியாயமே. சைனைடு மேட்டோடு பட்டணத்துக் குப்பை மேட்டையும் சுமக்க யாரால் முடியும்?

ஆனால் அந்தப் பட்டணத்துக் குப்பையில் நம்முடையதும் இருந்தது. ரயிலேறிப் போய் அங்கே குடியேறிய நம் பிள்ளைகளின் வீட்டுப் பாட்டரியும் பல்பும் ஊசியும் இருந்தன. நாம் அங்கே எறிந்தது நம்முடைய தாய் வீட்டு வாசலுக்கே திரும்பி வரப் பார்த்தது.

உபாகமம் 23ஆம் அதிகாரத்தில், பாளயத்திலிருந்த ஒவ்வொருவனும் தன் ஆயுதங்களோடுகூட ஒரு சிறு கோலையும் வைத்திருக்க வேண்டும் என்று வாசிக்கிறோம். தன் அழுக்கைத் தானே மண்ணால் மூடுவதற்காக அது கொடுக்கப்பட்டது. அதை வேறொருவன் கையில் கொடுக்கும்படி சொல்லப்படவில்லை.

இன்று இரவு குப்பைப் பையைக் கட்டுமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நாளைக் காலையில் அதை அவிழ்க்கப்போகிற கையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையைக் குத்தக்கூடியது, சுடக்கூடியது, நஞ்சூட்டக்கூடியது உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வெளியே எடுத்து, உரிய டப்பாவில் போட்டு, மூடியை இறுக மூடுங்கள்.